காலுறைப் பின்னலும் சொந்த வீடும்
(அங்கத்தினர் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை என்பதை நாம் அனைவரும் அறிவோம். நம் சங்கங்களின் அங்கத்தினர்களில் பயிரிடுவோர் முதலாவதை விளைவிக்கின்றனர். நெசவாளர் இரண்டாவதை ஆக்குகின்றனர். ஆயினும் மூன்றாவதாகிய உறையுள் இவ்விரு சாராருக்குமே எளிதில் கைகூடுவதில்லை. பிறர்க்கு உடுக்கத் தருபவர் வாடகை வீட்டில் வாழ்ந்து முதுமை எய்துவதை நாம் எங்கும் காண்கிறோம்.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய பகுதிகளில் ஆடவர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைக்க, மகளிர் வீட்டில் இருந்தபடியே ஏதேனும் ஒரு கைத்தொழில் செய்து பொருளீட்ட விரும்புவது இயல்பு. அத்தகைய தொழில்களுள் காலுறை பின்னுதல் ஒன்று. இதற்கு வேண்டும் கருவிகள் சில ஊசிகளே. இடமும் மிகுதியாகத் தேவையில்லை. ஆகவே, “காலுறை பின்னிச் சேர்க்கும் பணத்தைக் கொண்டு வீடு வாங்கலாமா?” என்னும் வினா எழுகிறது. விடையை முதலிலேயே கூறிவிடலாம். காலுறைப் பணத்தைக் கொண்டு வீடு வாங்க இயலாது. ஆனால் வாங்கிய வீட்டைக் கடனிலிருந்து ஐந்து ஆண்டுகள் முன்னதாக மீட்க இயலும். எவ்வாறு என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. தொழிலும் வீடும்: பழைய வரலாறு

தொழிலாளியின் வீடு யாருடையது என்னும் கேள்வி நம் பகுதிக்குப் புதிதன்று. இன்று மெட்ரோ இரயில் நிற்கும் காலடிப்பேட்டையின் பெயரை நோக்குக. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் காலத்தில் நெசவாளர்களுக்காக அமைந்த குடியிருப்பு அது. ‘காலெட் பேட்டை’ என்பதே நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. பின்னர் 1734-இல் சின்னதறிப்பேட்டையும் இவ்வாறே தோன்றியது. அதன் பெயரிலேயே தறி இருக்கிறது. கம்பெனியின் ஏற்றுமதிக்குத் துணி தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நெசவாளர் இங்கே குடியமர்த்தப்பட்டனர். குடியிருக்க இடம் கிடைத்தது உண்மை. ஆனால் துணியை வாங்குபவரே இடத்தையும் அளித்தவராக இருந்தார்.

காலுறைத் தொழிலின் வரலாறும் இதையே வேறு வகையில் காட்டுகிறது. இங்கிலாந்தில் 1589-இல் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் நாட்டிங்காம், லெஸ்டர் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்பொறியை வீட்டிலேயே வைத்துப் பின்னின. பொறியோ பெரும்பாலும் அவர்களுடையதன்று; முதலாளியிடம் வாடகைக்குப் பெற்றது. வேலை குறைந்த வாரங்களிலும் பொறிவாடகை கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. இப்பிடித்தம் 1874-இல்தான் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

இதற்கிடையே 1844-இல் ராச்டேல் நகரத்தில் 28 பேர் கூடித் தம் கூட்டுறவுக் கடையைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளர் பலர். கடை நடத்துவது மட்டுமே அவர்கள் குறிக்கோள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவர்கள் வகுத்த நோக்கங்களுள் அங்கத்தினர் வசிப்பதற்கு வீடுகள் கட்டுவதும் வாங்குவதும் சேர்ந்திருந்தன. கருவியும் குடியிருப்பும் பிறர் கையில் இருக்கும் வரை, உழைப்பின் பயன் முழுவதும் உழைப்பவனைச் சேராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

2. காலுறை பின்னும் முறை

காலுறையை முன்னாளில் மேஜோடு என்றும் வழங்கினர். கையால் பின்னுவதற்கு இருபுறமும் முனையுள்ள நான்கு ஊசிகள் தேவை. மூன்று ஊசிகளில் கண்ணிகள் இருக்கும். நான்காவது ஊசியால் பின்ன வேண்டும். நம் கடற்கரை வெப்பத்துக்குப் பருத்தி கலந்த நூல் ஏற்றது. பருத்திக்கு இழுவை குறைவாதலின், குதிகாலிலும் விரல் நுனியிலும் மெல்லிய நைலான் இழை ஒன்றைச் சேர்த்துப் பின்னினால் விரைவில் கிழியாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடி பின்ன ஏறத்தாழ 100 கிராம் மெல்லிய நூல் வேண்டும்.

முதலில் அளவு: பாதத்தின் சுற்றளவை அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்க. காலுறை காலைச் சற்று இறுகப் பற்றினால்தான் நழுவாது. பின்பு, பயன்படுத்தப்போகும் அதே நூலிலும் ஊசியிலும் ஒரு சிறு துண்டு பின்னி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ணுக. இதனைச் சிலர் வீண் வேலை என்று விட்டுவிடுவர். அவர்களே பாதி பின்னிய காலுறையைப் பிரிக்க நேரும். சுற்றளவு 9 அங்குலம், அங்குலத்துக்கு 8 கண்ணிகள் என்று கொண்டால், 64 கண்ணிகள் போதும்.

மேற்பகுதி: 64 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றி, மூன்று ஊசிகளில் பகிர்ந்து, வட்டமாக இணைக்கவும். இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி என்று ஒன்றரை அங்குலம் பின்னினால் விளிம்பு இழுவையுடன் அமையும். பிறகு வேண்டிய உயரம் வரை நேர்ப்பின்னலாகவே செல்க.

குதிகால்: பாதிக் கண்ணிகளாகிய 32-ஐ மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசைகள் பின்னுக. ஒவ்வொரு வரிசையிலும் முதற்கண்ணியைப் பின்னாமல் மாற்றிக்கொள்ள வேண்டும். இனிக் குதிகாலை வளைக்க வேண்டும். 18 கண்ணிகள் பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாக்கி, மேலும் ஒன்று பின்னித் திருப்புக. மறுபுறம் ஒன்றை மாற்றி, 5 மறுகண்ணிகள் பின்னி, இரண்டை ஒன்றாக்கி, ஒன்று பின்னித் திருப்புக. இவ்வாறு திருப்பிய இடத்தில் ஒரு சிறு இடைவெளி தெரியும். அதன்பின் ஒவ்வொரு வரிசையிலும் இடைவெளியின் இரு பக்கத்துக் கண்ணிகளையும் ஒன்றாக்கிக்கொண்டே சென்றால், இறுதியில் 18 கண்ணிகள் எஞ்சும். தட்டையாக இருந்த துணி, கிண்ணம்போல் குழிந்திருப்பதைக் காணலாம்.

பாதம்: குதிகாலின் இரு ஓரங்களிலும் பக்கத்துக்கு 16 கண்ணிகள் எடுக்கவும். மேற்புறத்து 32-உடன் சேர்ந்து மொத்தம் 82 ஆகும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், குதிகால் பகுதியின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி குறைத்துவந்தால், ஒன்பது முறையில் மீண்டும் 64 ஆகிவிடும். பின்பு பாதத்தின் முழு நீளத்துக்கு 2 அங்குலம் குறைவாக வரும் வரை நேராகப் பின்னுக.

விரல் நுனி: ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணிகள் வீதம் குறைத்து 32-க்கு வருக. பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு குறைத்து 16-க்கு வந்ததும், எட்டும் எட்டுமாக எதிரெதிரே வைத்து, தடிப்புத் தோன்றாமல் ஊசிநூலால் இணைத்துவிடுக. விரலில் உறுத்தும் முடிச்சுள்ள காலுறையை ஆலையில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவர் இரண்டாம் முறை வாங்கமாட்டார்.

3. உழைப்பின் கணக்கு

மேற்கண்ட அளவில் ஒரு ஜோடிக்கு 20,000-க்கு மேற்பட்ட கண்ணிகள் ஆகின்றன. நிமிடத்துக்கு 25 கண்ணிகள் பின்னும் பயிற்சியுள்ளவருக்கும் ஏறத்தாழ 15 மணி நேரம் வேண்டும். இயந்திரமோ ஒரு காலுறையைச் சில நிமிடங்களில் பின்னிவிடுகிறது. ஆதலின், பழைய வண்ணாரப்பேட்டைக் கடைகளில் விற்கும் சாதாரணக் காலுறையோடு விலையில் போட்டியிட எண்ணுவது அறிவுடைமையன்று.

நூல் விலை போக ஒரு ஜோடிக்கு 300 ரூபாய் நிற்பதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் பின்னினால் மாதம் நான்கு ஜோடி. வரவு 1,200 ரூபாய். மணிக்கு 20 ரூபாயே ஆகிறது. இதனை நற்கூலி என்று எவரும் கூறார், நாமும் கூறவில்லை. ‘ஓய்வு நேரத்தில் செய்வதுதானே’ என்று சொல்லி மகளிரின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பெருந்தவறு. நேரத்தை எழுதிவைத்தால்தான் எந்தப் பொருளைப் பின்னுவது ஆதாயம் என்பது விளங்கும். குழந்தைகளுக்கான சிறு காலுறைக்குக் கண்ணிகள் மிகக் குறைவு; ஆனால் அன்பளிப்பாக வாங்குவோர் அதற்குத் தரும் விலை அந்த அளவுக்குக் குறைவதில்லை. அத்தகைய பொருள்களையே முதலில் நாடுக.

4. கடனின் கணக்கு

இனி வீட்டுக்கு வருவோம். ஒரு குடும்பத்தின் நிலையான மாத வருமானம் 28,000 ரூபாய். அவர்கள் பார்த்துள்ள சிறு வீட்டின் விலை 18 இலட்சம். கைச்சேமிப்பு போக 10 இலட்சம் கடன் வேண்டும். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 9 என்று கொள்வோம். இவை யாவும் கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டுகளே.

இக்கடனை 20 ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 8,997 ரூபாய். முடிவில் கட்டிய மொத்தம் 21 இலட்சத்து 59 ஆயிரம். அதாவது அசலைக் காட்டிலும் வட்டி அதிகம். முதல் மாதத் தவணையில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 1,497 ரூபாய்தான்.

அதே கடனை 15 ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 10,143 ரூபாய். மொத்தம் 18 இலட்சத்து 26 ஆயிரம். இரண்டு தவணைகளுக்கும் உள்ள வேறுபாடு மாதம் 1,146 ரூபாய். மீதமாகும் வட்டியோ 3 இலட்சத்து 33 ஆயிரத்துக்கு மேல்.

காலுறைக் கணக்கில் மாத வரவு 1,200 ரூபாய் என்று கண்டோம் அல்லவா? இரண்டையும் இணைத்துப் பாருங்கள். நான்கு ஜோடிக் காலுறைகள் அக்குடும்பத்துக்கு ஐந்து ஆண்டுகளை மீட்டுத் தருகின்றன.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பின்னல் வருமானத்தையும் கூட்டிக் காட்டி, தொடக்கத்திலேயே 15 ஆண்டுத் தவணைக்கு ஒப்புக்கொள்ளலாகாது. தவணை நிலையான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும் என்பது நல்ல வரம்பு. 28,000-இல் மூன்றில் ஒரு பங்கு 9,333. ஆகவே 8,997 தாங்கக்கூடியது, 10,143 தாங்காது. 20 ஆண்டுக் கடனாகவே பெற்று, பின்னல் பணத்தை மாதந்தோறும் அசலில் கூடுதலாகச் செலுத்திவருவதே முறை. வட்டி மாறாதிருப்பின் கடன் 15 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மழை மாதத்தில் காலுறை விற்காமல் போனாலோ, பின்னுபவர் நோயுற்றாலோ, கூடுதல் தொகைதான் நிற்கும். வீட்டுக்கு ஆபத்து நேராது. காலுறையின் அளவைப் பாதம் தீர்மானிப்பதுபோல், கடனின் அளவை நிலையான வருமானம் தீர்மானிக்க வேண்டும்.

மாறும் வட்டியில் தனிநபர் பெறும் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் விதிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் ஆணையிட்டது. மற்ற இடங்களில் கடன் பெறுவோர் இது குறித்த விதியைக் கையெழுத்திடும் முன் கேட்டறிக. கூடுதலாகச் செலுத்தும்போது அது அசலில் வரவு வைக்கப்பட்டதா என்பதை எழுத்தில் பெறுவதும் அவசியம்.

5. வீடு வாங்குமுன்

விலையோடு செலவு முடிவதில்லை. தமிழ்நாட்டில் வீடு, மனை விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 4-லிருந்து 2 ஆகக் குறைந்தது. ஆக, 18 இலட்சத்துக்கு 1,62,000 ரூபாய் தனியே கையில் இருத்தல் வேண்டும். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு விகிதம் வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்க. பெண்கள் பெயரில் பதிவாகும் 10 இலட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 சலுகை உண்டு. சலுகை கிட்டாத விலையாயினும், கூடுதல் தவணை எவருடைய விரல்களிலிருந்து வருகிறதோ அவருடைய பெயரும் பத்திரத்தில் இருப்பதே நியாயம்.

பத்திரம்: காலுறையில் முதலில் தேய்வது குதிகால். வீட்டு விற்பனையில் முதலில் பழுதுபடுவது உரிமைத் தொடர்ச்சி. ஆகவே இங்கேதான் இரட்டை இழை வேண்டும். மூலப்பத்திரங்களைத் தொடர்ச்சியாகப் பார்க்கவும். 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று பெறவும். பட்டா விற்பவர் பெயரில் உள்ளதா, நிலம் புறம்போக்கா, வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடுகின்றனரா என்பவற்றை ஒரு வழக்கறிஞரைக் கொண்டு ஆராய்க. மனையாயின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்கவும். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20 வரை உருவானவற்றுக்கே வழிசெய்தன. முன்பணம் கொடுப்பது இவையெல்லாம் முடிந்த பின்னரே.

இடம்: சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தபின், கரையோரமாக வடக்கே நகரும் மணல் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. கடலுக்கு அண்மையில் வீடு பார்ப்போர் அங்குள்ள முதியவர்களிடம் பழைய கரை எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் விசாரிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் எண்ணெய் பரவி, கரையோர வீடுகளிலும் படிந்தது. ஆதலின் வெள்ளம் எந்த அளவு ஏறியது என்பதைச் சுவரின் கறையைக் கொண்டு காண்க. கோடையில் பார்த்த வீட்டை ஒருமுறை மழையிலும் பார்ப்பது நன்று. விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் 2021 பிப்ரவரி முதல் ஓடுகிறது என்று சொல்லி விற்பவர் விலையை உயர்த்துவார். வசதி உண்மையே, ஆனால் அது மற்றக் குறைகளை மறைத்துவிடக் கூடாது.

கட்டடம்: 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்ட குடியிருப்போர் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. உப்புக்காற்று கம்பியை அரிக்கும் ஊர் நம் ஊர். பழைய கட்டடத்தில் கூரைக் காரை பெயர்ந்துள்ளதா, கம்பி துருவேறித் தெரிகிறதா, தூணில் நீளவாட்டில் விரிசல் உண்டா என்று ஒரு பொறியாளரைக் கொண்டு பார்க்கவும். புதிதாக அடித்த வண்ணத்தைக் கண்டு மயங்கலாகாது.

6. சங்கத்தின் கடமை

தனித்தனியே நூல் வாங்குவோர் சில்லறை விலை கொடுக்கின்றனர். சங்கம் மொத்தமாக வாங்கினால் ஒவ்வொரு ஜோடியிலும் மிச்சமாகும். கையால் சுழற்றும் வட்டப் பின்னல் பொறி ஒன்றைச் சங்கத்தின் பொதுப் பணத்தில் வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். பொறி சங்கத்தின் உடைமையாக இருக்கட்டும். நாட்டிங்காம் குடும்பங்களைப்போல் வேலையற்ற வாரத்திலும் வாடகை கொடுக்கும் நிலைக்கு எந்த அங்கத்தினரும் ஆளாக வேண்டாம். வீடு வாங்கும் அங்கத்தினருக்குப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல, மாதத்தில் ஒருநாள் வழக்கறிஞர் ஒருவரை வரவழைப்பதும் சங்கத்துக்குக் கூடாத செயலன்று.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் காலடிப்பேட்டை நெசவாளருக்கு வீட்டுக்கு இடம் அமைத்துத் தந்தவர் அவர்களது துணியை வேண்டியவர். இன்று அதே ஊரில் நாம் வாங்கும் வீட்டுக்கு வேறு ஒருவர் தயவு தேவையில்லை. கணக்கு தெளிவாக இருந்தால் போதும். மிகுதியை ஊசிகள் பார்த்துக்கொள்ளும்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தின் நிலையான மாத வருமானம் எவ்வளவு? அதில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு?
2. ஒரு ஜோடி காலுறைக்கு நீங்கள் செலவிடும் மணி நேரம் எவ்வளவு? நூல் விலை போக மணிக்கு எவ்வளவு நிற்கிறது?
3. பின்னல் வருமானத்தைத் தவணையில் சேர்க்காமல் அசலில் செலுத்துவது ஏன் பாதுகாப்பானது?
4. உங்கள் வட்டாரத்தில் வீடு பார்க்கும்போது மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை யாவை?
5. நம் சங்கம் இவ்வாண்டில் நூலை மொத்தமாகக் கொள்முதல் செய்ய எத்தனை அங்கத்தினர் சேர வேண்டும்?